பாரம் சுமக்கும் சுவர்கள்

(ஆதரவாளர்களின் ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில் எங்கள் பொது மருத்துவப் பிரிவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கூட்டத்தில் மருத்துவமனையின் ஏதாவது ஒரு பிரிவு தன் ஊழியத்தைக் குறித்துச் சாட்சி சொல்வது வழக்கம். கண் பிரிவினர் எழுந்தால், கட்டு அவிழ்த்த காலையில் பேரனின் முகத்தைப் பார்த்த பாட்டியைப் பற்றிச் சொல்வார்கள். பிரசவப் பிரிவினர், குறைமாதத்தில் பிறந்த குழந்தை இன்று பள்ளிக்கூடம் போவதைச் சொல்வார்கள். கேட்கிறவர்களின் கண்கள் கலங்கும். எங்கள் பிரிவுக்கு அப்படிக் காட்ட ஒரு முகம் இல்லை. நாங்கள் கொண்டுவந்திருப்பது ஒரு நோயாளியின் அட்டை மட்டுமே.

அந்த அட்டையில் மூன்று மாதங்களுக்கான வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நான்காவது வரியிலிருந்து வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

ஓர் அட்டையின் கதை

அந்த அட்டைக்குச் சொந்தக்காரர் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. வயது ஐம்பதைத் தாண்டியவர். கையில் ஏற்பட்ட ஒரு காயத்துக்குத் தையல் போட வந்தார். வழக்கப்படி இரத்த அழுத்தம் பார்த்தோம். 200/120 இருந்தது. இளைப்பாறச் செய்து மறுபடியும் பார்த்தோம், அதேதான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "தலை சுத்தல, நெஞ்சு வலிக்கல, ரெண்டு மூட்டைய சேத்துத் தூக்குறேன். எனக்கு என்னங்க வியாதி?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லி மாத்திரை கொடுத்தோம். மூன்று மாதம் தவறாமல் வந்தார். மூன்றாம் மாதம் அழுத்தம் 144/90 வரை இறங்கியிருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்குப்பின் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. மூளையின் இடது பக்கத்தில் இரத்தக் கசிவு. அவருடைய மனைவி பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த இந்த அட்டையை எங்களிடம் நீட்டினார்.

அழுத்தம் என்பது எதை அழுத்துகிறது? அவருக்குள் அந்த ஏழு மாதத்தில் என்ன நடந்தது? அதை அறிந்தால்தான், நாங்கள் இன்று உங்களிடம் கேட்கப்போவதன் அவசியம் புரியும்.

ஒரு போதகர் அளந்த அளவு

இரத்தத்தின் அழுத்தத்தை உலகத்தில் முதன்முதலாக அளந்தவர் ஒரு மருத்துவர் அல்ல. ஒரு சபைப் போதகர். இலண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டெடிங்டன் என்னும் ஊரில் குருவாக ஊழியம் செய்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். கட்டிக் கிடத்தப்பட்ட ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, ஏறக்குறைய 9 அடி உயரமுள்ள கண்ணாடிக் குழாயை அதோடு இணைத்தார். இரத்தம் அந்தக் கண்ணாடியில் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. 1733இல் தன் புத்தகத்தில் இதை வெளியிட்டார். இன்று அந்த முறையை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அவர் காலத்திலேயே அதை வெறுத்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்த அளவு நமக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது.

மருத்துவமனையில் நாங்கள் '120' என்று சொல்வது 120 மில்லிமீட்டர் பாதரசத்தின் உயரம். பாதரசம் மிகக் கனமானது. அதே அழுத்தத்தை இரத்தத்தின் உயரமாகக் கணக்கிட்டால் சுமார் ஒன்றரை மீட்டர். அதாவது ஐந்து அடி. சுகமாயிருக்கிற மனிதனின் இரத்தம் அவ்வளவு உயரம் ஏறும். ஹேல்ஸின் குதிரையில் ஏறிய 8 அடி 3 அங்குலத்தை இன்றைய அளவுக்கு மாற்றினால் ஏறக்குறைய 195 வருகிறது. அப்படியானால், எங்கள் மூட்டைத் தொழிலாளி, பயந்து கட்டுண்டு கிடந்த ஒரு குதிரையின் அழுத்தத்தைத் தன் உடம்புக்குள் இரவும் பகலும் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். அவருக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் இரத்தக் குழாய்கள் தங்கள் பாரத்தை நமக்குச் சொல்வதில்லை.

வெறும் குழாய் அல்ல

இரத்தக் குழாய் என்றவுடன் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்கிறோம். சிருஷ்டிகர் அமைத்தது அதைவிட மேலானது.

இருதயம் நிமிடத்துக்கு 70 தடவை என்று வைத்தாலும் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் விட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறது. ஆனால் விரல் நுனியிலுள்ள நுண்ணிய குழாய்களில் அது இடைவிடாமல் ஓடுகிறது. எப்படி? ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறவரைப் பாருங்கள். கை துருத்தியை விட்டுவிட்டு அசைக்கிறது. பாட்டு மட்டும் அறுபடுவதில்லை. உள்ளே இன்னொரு துருத்தி காற்றைச் சேமித்து, சீராக விட்டுக்கொண்டிருக்கிறது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி அந்த உள்துருத்தி. இருதயம் சுருங்கும்போது அது விரிந்து கொஞ்சம் இரத்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இருதயம் ஓயும்போது தானே சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இதையும் ஹேல்ஸ் கண்டுகொண்டார். அவர் காலத்துத் தீயணைப்புப் பம்புகளில் இருந்த காற்றறைக்கு அதை ஒப்பிட்டார்.

தமனியின் சுவரில் இரண்டு வகை நார்கள் உள்ளன. எலாஸ்டின் என்பது ரப்பரைப்போல் இழுபட்டுத் திரும்பும். கொலாஜன் என்பது கயிற்றைப்போல் இழுபடாது. கனடாவில் மார்கோ ரோச், ஆலன் பர்ட்டன் என்ற இருவர் 1957இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அழுத்தம் மிதமாக இருக்கும்போது எலாஸ்டின் பாரத்தைச் சுமக்கிறது; குழாய் மிதமிஞ்சி விரியும்போது கொலாஜன் இறுகி, வெடித்துவிடாமல் காக்கிறது. தாராளமான சட்டைக்குள் அவசரத்துக்கு ஒரு கச்சை கட்டியதுபோல.

எலாஸ்டினைக் குறித்து ஒரு காரியத்தை மறக்கக்கூடாது. கருப்பையிலும் சிறுபிராயத்திலும் நெய்யப்பட்டதுதான் பெரும்பாலும் ஆயுசு முழுவதற்கும். பிறகு புதிதாக உருவாவது மிகக் குறைவு. ஐம்பது வயதுக்குள் அது 180 கோடி தடவைக்கு மேல் இழுபட்டுத் திரும்புகிறது. வயது ஏற ஏற அது நைந்துபோக, பாரம் கொலாஜன்மேல் விழுகிறது, தமனி விறைக்கிறது. இளவயதில் நாடித்துடிப்பின் அலை பெருந்தமனியில் விநாடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் செல்லும். விறைத்துப்போன தமனியில் 10 மீட்டருக்கும் மேல். மென்மையாகச் சென்று சேரவேண்டிய அலை, சம்மட்டி அடிபோல் மூளையையும் சிறுநீரகத்தையும் போய்த் தாக்குகிறது. உயர் இரத்த அழுத்தம் இந்த முதுமையைச் சீக்கிரமாய் வரவழைக்கிறது.

பாரம் கூடும்போது

ஒரு குழாயின் சுவர் சுமக்கும் இழுவிசைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் அது வழங்குகிறது. உள்ளேயிருக்கும் அழுத்தம் கூடினாலும் இழுவிசை கூடும். குழாயின் அகலம் கூடினாலும் கூடும். சுவர் தடித்தால் அந்தப் பாரம் தடிமன் முழுவதும் பங்கிடப்படும். பெருந்தமனியின் குறுக்களவு சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மிக நுண்ணிய குழாயோ, ஒரு சிவப்பணு நெருக்கியடித்து நுழைகிற அளவுதான். ஒரே அடுக்குச் செல்லால் ஆன அந்த மெல்லிய சுவர் ஏன் கிழிவதில்லை? அகலம் அவ்வளவு குறைவு என்பதால். பெருந்தமனியின் சுவர் தாங்கும் இழுவிசையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட அதன்மேல் விழுவதில்லை.

இப்போது எங்கள் நோயாளியின் தோளை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடம் மூட்டை சுமந்த தோள் காய்ப்பு ஏறித் தடித்திருந்தது. அவருடைய தமனிகளும் அதையேதான் செய்திருந்தன. அழுத்தம் கூடினால் சுவர் தன்னைத் தடிப்பாக்கிக்கொண்டு பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இது உடல் செய்யும் நல்ல ஏற்பாடு. ஆனால் சிறு தமனிகளில் சுவர் உட்புறமாகத் தடிப்பதால் வழி குறுகிவிடுகிறது. இங்கே இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. 1840களில் புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து காட்டினார்: குழாயின் அகலம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை; பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே வழி சிறிது குறுகினாலும் இருதயம் வெகுவாக முக்கித் தள்ளவேண்டியிருக்கிறது. அழுத்தம் இன்னும் ஏறுகிறது. சுவர் இன்னும் தடிக்கிறது. பாரத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடே பாரத்தைக் கூட்டுகிறது.

சுவர் எங்கே தடிக்க முடியாமல் நைந்துபோகிறதோ அங்கே வேறுவிதமான ஆபத்து. சைக்கிள் டியூபில் ஓரிடம் புடைத்தால், புடைத்த இடமே மேலும் புடைக்கும். அகலம் கூடக்கூட இழுவிசையும் கூடுமல்லவா? பெருந்தமனியில் இப்படி உண்டாகும் புடைப்பு வெடித்துத்தான் விஞ்ஞானி ஐன்ஸ்டீன் 1955இல் மரித்தார். மூளையின் உட்பகுதிக்குச் செல்லும் மெல்லிய தமனிகள், பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிகின்றன. பெரிய குழாயின் அடி முழுவதையும் அந்தச் சின்னக் கிளைகள் வாங்குகின்றன. பல வருட அடியில் அவற்றின் சுவர் நைந்து கசிகிறது. எங்கள் நோயாளிக்கு நடந்தது அதுதான்.

சுவரின் உட்புறத்தில் ஒற்றை வரிசைச் செல்கள் பரவியிருக்கின்றன. வெறும் பூச்சு என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1980இல் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தமனியைத் தளர்த்தும் செய்தி இந்தச் செல்களிலிருந்தே புறப்படுகிறது என்று கண்டார். அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெளிவானது. 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தம் உராய்ந்து ஓடும் வேகத்தை இந்தச் செல்கள் உணருகின்றன. ஓட்டம் சீராயிருந்தால் குழாயைத் தளர்த்தி, கொழுப்பு படியாமல் காக்கின்றன. தமனி கிளை பிரியும் இடங்களிலோ ஓட்டம் மந்தமாகி முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. அங்கே காவல் தளர்கிறது. வாய்க்கால் பிரியும் இடத்தில், நீர் மந்தமாகும் ஓரத்தில் வண்டல் சேருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பு படிவது அதனால்தான் அதிகம். மந்தமான ஓட்டத்துக்கும் இந்தப் படிவுக்கும் உள்ள தொடர்பை இலண்டனில் கொலின் காரோவும் அவருடைய சகாக்களும் 1969இல் எடுத்துக் காட்டினார்கள். புகையிலையும் சர்க்கரை நோயும் உயர் அழுத்தமும் அந்தக் காவலை இன்னும் தளர்த்துகின்றன.

ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரை

1944 மார்ச் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை ஒரு கடற்படை மருத்துவர் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. உலகத்தின் பெரிய யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த அந்த மனிதருக்குக் கிடைக்காத வைத்தியம் இல்லை. ஆனால் அழுத்தத்தைப் பத்திரமாய்க் குறைக்கும் மாத்திரை அன்று உலகத்தில் எங்கும் இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் இரத்தக் கசிவு. அன்றே மரித்தார்.

சிறுநீரைப் பெருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் எளிய மாத்திரை 1958இல் கடைகளுக்கு வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. கடும் அழுத்தமுள்ள 143 ஆண்களில் ஒரு பாதிக்கு மருந்தும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இருதயச் செயலிழப்பு முதலிய கடும் கேடுகள் வந்தன. மருந்து உண்டவர்களில் இரண்டே பேர். 1967இல் அது வெளியானது. மேல் அழுத்தத்தை 10 அளவு குறைத்தாலே பக்கவாத ஆபத்து ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பல மாதங்கள் அழுத்தம் தணிந்திருந்தால், தடித்துப்போன சுவரும் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது. பாரம் இறங்கினால் சுவருக்கு அது தெரிகிறது.

பிரியமானவர்களே, ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத அந்த நன்மை எங்கள் மூட்டைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. ஒரு நாள் மாத்திரையின் விலை, கடையில் குடிக்கிற ஒரு டீயைவிடக் குறைவு. பிறகு ஏன் அவரும் அதே விதமாக விழுந்தார்?

எங்கள் தவறு

அவருடைய மனைவியிடம் கேட்டோம். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். "மாத்திர சும்மாதான் குடுத்தீங்க. ஆனா அத வாங்க வர்ற அன்னிக்கு அவரு கூலி போயிடும், பஸ்ஸுக்கும் வேணும். காலையில வந்தா சாயந்திரம்தான் விடுவீங்க. உடம்புக்கு ஒண்ணும் செய்யலியே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னாரு."

முப்பது மாத்திரைக்கு ஒரு நாள் கூலி. மருந்தை இலவசமாகக் கொடுத்துவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாயிருந்தோம்; அவர்களோ ஒவ்வொரு மாதமும் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் மாதம் வராதவரைத் தேடிப்போக எங்களிடம் ஆள் இல்லை. தேடவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனதைப் பற்றி எத்தனையோ தடவை தியானித்திருக்கிறோம். எங்கள் அட்டைப் பெட்டியில் காணாமற்போனவர்களை எண்ணிப் பார்த்ததில்லை. கர்த்தருக்கு முன்பாகவும் உங்களுக்கு முன்பாகவும் அதை அறிக்கையிடுகிறோம்.

இது எங்கள் ஊரின் கதை மாத்திரமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் உயர் இரத்த அழுத்தமுள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குப் போதுமான சிகிச்சை இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அது எங்களுக்கு ஒரு பாடமாயிற்று. அந்தத் திட்டத்தில் இருப்பவர்களை நாங்கள் அங்கேயே தொடரச் சொல்கிறோம். ஆனால் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் ஊர் ஊராய்ப் போகிறவர்கள் வீட்டில் இருப்பதில்லை. வீடு தேடிப் போனாலும் கதவு பூட்டியிருக்கும். அவர்கள்தான் எங்கள் பாரம்.

ஆகவே சில மாற்றங்களைச் செய்திருக்கிறோம். அழுத்தம் சீராக உள்ளவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறோம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் தனியே பார்க்கிறோம். குறித்த நாளில் வராதவர்களின் அட்டையைத் தனிப் பெட்டியில் வைத்து, அந்த வாரமே எங்கள் கிராம சுகாதார ஊழியர் அவர்களைத் தேடிப் போகிறார், சூளைக்கும் போகிறார். போகிற இடத்தில் அழுத்தம் பார்க்கிறார். ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் குறைக்கச் சொல்கிறார். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்று தாய்மாருக்குக் கரண்டியைக் காட்டியே சொல்கிறார்.

உங்கள் பங்கு

ஓர் அறுவை சிகிச்சைக்கு என்று கேட்டால் நீங்கள் மனப்பூர்வமாய்க் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். மாத்திரைக்கும் அதைக் கொண்டுபோகிறவரின் பேருந்துச் செலவுக்கும் கேட்க எங்களுக்கே கூச்சமாயிருந்தது. காட்டுவதற்குப் படம் இல்லாததால், இந்த இதழிலும் அதைப்பற்றி நாங்கள் எழுதவில்லை. இந்த ஊழியத்தில் வெற்றி என்பது ஒன்றும் நடவாமல் இருப்பது. ஒருவர் காலையில் எழுந்து வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். அவ்வளவுதான். அவர் விழாமல் இருந்தது உங்கள் காணிக்கையினால் என்று அவருக்கே தெரியாது. நன்றி சொல்லவும் வரமாட்டார். வலது கை செய்வதை இடது கை அறியாதபடி கொடுக்கச் சொன்ன நம் ஆண்டவருக்கு இப்படிப்பட்ட காணிக்கை பிரியமாயிருக்கும் என்று நம்புகிறோம்.

எனவே இந்த ஆண்டு உங்களிடம் புதிய கட்டிடமோ இயந்திரமோ கேட்கவில்லை. தொடர் சிகிச்சை நிதிக்கு, ஒருமுறை பெரிய தொகையாக அல்ல, மாதாமாதம் தவறாமல் வருகிற சிறிய காணிக்கையாகக் கொடுக்கும்படி கேட்கிறோம். மாத்திரை ஒரு மாதம் நின்றால் அழுத்தம் திரும்பிவிடும். நிதியும் அப்படியே. இன்னும் ஒரு விண்ணப்பம்: இன்று வீட்டுக்குப் போகுமுன் வாசலருகே எங்கள் செவிலியரிடம் கை நீட்டி உங்கள் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுகமாயிருக்கிறோம் என்று நினைப்பவர்கள் முதலில் வாருங்கள்.

அந்தப் பெரியவர் உயிரோடிருக்கிறார். கோல் ஊன்றி வாசல்வரை நடக்கிறார். சில வார்த்தைகள் திரும்பியிருக்கின்றன. மனைவியின் பெயர் அவற்றில் ஒன்று. மூட்டை தூக்க இனி முடியாது. அவருடைய மனைவி இப்போது சந்தையில் கீரை விற்கிறார். அவருக்கும் அழுத்தம் பார்த்தோம், 160/100 இருந்தது. அவருக்கும் ஓர் அட்டை போட்டிருக்கிறோம். அதில் இதுவரை ஒரு வரியும் விடுபடவில்லை. அது விடுபடாதபடிக்கு எங்களுக்காகவும், வீடுவீடாகப் போகிற ஊழியர்களுக்காகவும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.